தெரியாம பண்ணிட்டேன்

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பைத்தியத்துக்கு மார்க் போடற அம்மா. ரேஷன் கடை வரிசையில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி நேராகவே கேட்டுவிட்டாள். "யக்கா, ஒருத்தன் மெண்டலா இல்லியான்னு நீதான் மார்க் போடுவியாமே? எங்க ஊட்டுக்காரருக்கு எத்தினி போடுவ?" வரிசையே சிரித்தது. "அவருக்கு அப்புறம் போடறேன், அவரக் கட்டிக்கினு இத்தினி வருசம் ஓட்டிக்கினு இருக்கற உனக்குத்தான் மொதல்ல போடணும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை நான். அதனால் பட்ட கஷ்டமும் உண்டு, அது வேறு கதை.

உண்மையில் அந்த வருஷம் என் வேலை அதுகூட இல்லை. மார்க் போடுகிறவர்களுக்கு மார்க் போடுவதுதான் என் வேலை. நான் மனநல ஆலோசகர். திருவள்ளூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தேன். அடிதடி, தீ வைப்பு என்று ஏதாவது ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டவர்களைக் கோர்ட்டு எங்களிடம் அனுப்பும். செய்யும்போது இவருக்குப் புத்தி சரியாக இருந்ததா, இப்போது வழக்கை நடத்தும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறாரா, பார்த்துச் சொல்லுங்கள் என்று. நாங்கள் பார்த்துச் சொல்வோம். கோர்ட்டு அதை வைத்து முடிவெடுக்கும். இத்தனை வருஷமாக நாங்கள் சொன்னது எவ்வளவு சரி என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. எங்கள் தலைமை டாக்டரம்மாதான் ஒரு நாள் கேட்டார்.

"நாம சொல்றது சரியான்னு நாமே அளந்து பார்க்கணும்மா" என்றார்.

"எத வச்சு அளக்கறது மேடம்? காய்ச்சல்னா தெர்மாமீட்டர் இருக்கு. ஒருத்தன் போன மாசம் கத்தி எடுக்கும்போது அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு பார்க்க எந்தக் கடையில மீட்டர் விக்கிறான்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னோடு பழகிப் பழகி அவருக்குத் தோல் தடித்துவிட்டது. மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது, ஆனால் ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கலாம், ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாமல் உறையில் போட்டு ஒட்டிவிடலாம், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மூன்றாவது ஆள் பார்க்கலாம் என்றார். அந்த மூன்றாவது ஆள் நான். ஒத்துப்போகாதவற்றை மட்டும் நான் எடுத்து, பேட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டு, எங்கே பிசகியது என்று சொல்லவேண்டும். ஒத்துப்போனவற்றைத் தொடக்கூடாது. அப்படியே கோர்ட்டுக்குப் போய்விடும். அதுதான் ஏற்பாடு.

பார்க்கிற இருவரில் ஒருவர் எங்கள் வார்டு டாக்டர். ஆள் நிதானம், கையெழுத்துதான் கோழி கிளறியது போல. இன்னொருவன் புதிதாக வந்த உளவியல் தம்பி. கோயம்புத்தூர்க்காரன். எதற்கெடுத்தாலும் "ங்க" போட்டு அவன் பேசும்போது எங்கள் ஊர் ஆட்களுக்கு அவன் ஏதோ கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன் போல இருக்கும். எங்கள் ஆட்கள் "இன்னா சாரு, நாஷ்டா துன்னியா?" என்று கேட்டால் பாவம் திருதிருவென்று விழிப்பான். ஆனால் நல்ல வேலைக்காரன். புரியவில்லை என்றால் விடமாட்டான், புரியும்வரை கேட்பான்.

ஆரம்பத்தில் எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன். கோர்ட்டு நடப்பது ஒருவருக்குப் புரிகிறதா என்று பார்க்கச் சில கேள்விகள் உண்டு. வக்கீல் என்ன செய்வார், சாட்சி என்றால் யார், இப்படி. "ஜட்ஜ் என்ன செய்வார்?" என்று ஒரு பெரியவரைக் கேட்டதற்கு அவர் சட்டென்று, "வாய்தா குடுப்பாரு" என்றார். கோயம்புத்தூர்த் தம்பி பூஜ்யம் போட்டிருந்தான், தீர்ப்பு சொல்வார் என்பதுதானே சரியான பதில் என்று. டாக்டர் முழு மார்க் போட்டிருந்தார். ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் ஓடிவந்தாள். வழக்கு நடக்கிற இத்தனை காலத்தில் அந்த மனுஷன் கண்ட ஜட்ஜ் வாய்தா தவிர வேறென்ன கொடுத்தார்? கண்ணால் கண்டதைச் சொல்கிறார். இவரைவிடத் தெளிவான ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்று எழுதி, தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஆமாங்க, சரிதானுங்க" என்று அவனும் சிரித்துவிட்டு மாற்றினான்.

இப்படி ஒத்துப்போகாதவற்றில்தான் தப்பு இருக்கும், ஒத்துப்போனவை பத்திரம் என்று நாங்கள் எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் தேர்வாய் கண்டிகை ஆள் வந்தான்.

முப்பது வயசு தாண்டியிருக்கும். அங்கே ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. இரும்பு வார்ப்புகளைத் தேய்த்து மழமழப்பாக்குகிற வேலை. இரும்போடு சேர்ந்து அவன் விரல் நுனிகளும் மழமழவென்று ஆகிவிட்டன. வாசலில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற மெஷின் இவன் விரலை ஏற்றுக்கொள்ளாது. வைப்பான், அது "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று ஒரு பெண் குரலில் சொல்லும். மறுபடி வைப்பான், மறுபடி சொல்லும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவார்கள். வேலை பார்த்த நாளெல்லாம் வராத நாளாகும். சூப்பர்வைசரிடம் போனால் கான்ட்ராக்டரைக் கேள் என்பார், கான்ட்ராக்டர் கம்பெனியைக் கேள் என்பார். நடுவில் தூக்கம் வராமல் கொஞ்ச நாள் எங்கேயோ மாத்திரை வேறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். ஒரு நாள் காலை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், ஒரு ராடை எடுத்துவந்து மெஷினை அடித்து நொறுக்கிவிட்டான். தடுக்க வந்த வாட்ச்மேனுக்கும் ஒரு அடி. வாட்ச்மேனின் வலது கை முறிந்துபோனது. போலீஸ், ரிமாண்ட், அப்புறம் வக்கீல். மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் வக்கீல் புத்தி பேதலித்த நிலை என்று ஒரு மனு போட்டார். கோர்ட்டு எங்களிடம் அனுப்பியது. வார்டில் வைத்திருந்தோம், வாசலில் ஒரு போலீஸ்காரர்.

அவன் மனைவியை எனக்குப் பழக்கம் ஆனது பஸ் ஸ்டாப்பில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை பக்கம். என் வீடும் கும்மிடிப்பூண்டிதான். பெரியபாளையம் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே பஸ்ஸில் அவளும் புருஷனைப் பார்க்க வருவாள், கம்பெனி யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல். நான் அங்கே வேலை செய்கிறவள் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அவர எப்ப வுடுவாங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. அத நான் பேசக்கூடாது."

"பொண்ணு கேட்டுக்கினே கீதுக்கா. நைனா துபாய்க்குப் போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். துபாய்ல இருந்து எப்ப வரும்னு கேக்குது. நானு இன்னான்னு சொல்றது? ஜெயில்னா கூட ஒரு தேதி சொல்லுவாங்க இல்ல?"

சட்டம் தெரிந்துதான் பேசினாளோ தெரியாமல் பேசினாளோ, சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். ஏனென்றால் விஷயம் அதுதான். செய்யும்போது செய்வது இன்னதென்று அறியாத நிலையில் இருந்தான் என்று நாங்கள் சொன்னால், அவன் குற்றவாளி இல்லை. கேட்கிறவர்கள் அப்பாடா, தப்பித்தான் என்பார்கள். ஆனால் வீட்டுக்கு விடமாட்டார்கள். மனநல ஆஸ்பத்திரியில் காவலில் வைப்பார்கள். எப்போது வெளியே வருவான் என்பதற்கு முன்கூட்டியே தேதி கிடையாது. பார்ப்பார்கள், எழுதுவார்கள், மறுபடி பார்ப்பார்கள். அறிந்துதான் செய்தான் என்று சொன்னால் ஜெயில். ஆனால் அதற்கு ஒரு முடிவு தேதி உண்டு. நிஜமாகவே உடம்பு முடியாதவனுக்கு முதல் வழிதான் நியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இவன் அப்படிப்பட்டவனா என்பதுதான் கேள்வி. அதற்கு உறையில் பதில் வரும், எனக்கென்ன என்று இருந்தேன்.

உறைகள் வந்தன. பிரித்தேன். இரண்டும் அச்சாக ஒரே மாதிரி. அறியாத நிலை என்று டாக்டரும் போட்டிருந்தார், தம்பியும் போட்டிருந்தான். காரணம் என்ற இடத்தில் இருவரும் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார்கள், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்ததாக இவரே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று. தம்பி கூடுதலாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தான். குரல் ஏதும் கேட்கிறதா என்றதற்கு இவன், ஆமாம், ஒரு பொம்பளைக் குரல், இங்கிலீஷில் பேசும் என்றிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் குரல் கேட்கிறது என்று போட்டு முடித்திருப்பார்கள். தம்பி விடாமல் கேட்டுக் கேட்டு, அது மெஷினின் குரல் என்று கண்டுபிடித்து, இது நோய் இல்லை என்று சரியாக எழுதியிருந்தான். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு கவனமாகப் பார்த்த ஆட்கள் ஒத்துப்போயிருக்கிறார்கள், இனி நான் யார் நடுவில்? ஒத்துப்போனவை என்ற கட்டில் வைத்தேன். வைத்துவிட்டு அவன் மனைவியை நினைத்து மனசு சங்கடப்பட்டது. மறுநாள் பஸ்ஸில் அவளைப் பார்க்கக்கூடாது என்று ஒரு பஸ் முன்னாடியே ஏறினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டு முருங்கை மரம் போனது.

என் புருஷன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஆள் சாது. புது பைக் வாங்கியிருந்தார். அதை வாசலில் நிழலாக நிறுத்த ஒரு ஷெட் போடணும் என்று ஆசை, அதற்குக் குறுக்கே என் முருங்கை. நான் வைத்து, நான் தண்ணி ஊற்றி, தெருவுக்கே கீரை கொடுத்த மரம். வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அன்று நான் திருவள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. வாசல் பெருக்கி, இலை தழை எல்லாம் அப்புறப்படுத்தி, ஒன்றுமே நடக்காத மாதிரி பைக் அங்கே நிற்கிறது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யோவ்! இன்னாய்யா இது?"

மனுஷன் உள்ளேயிருந்து மெல்ல வந்தார். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "தெரியாம வெட்டிட்டேம்மே" என்றார்.

"தெரியாமயா? தெரியாமயா வெட்டின? நான் எப்பக் கெளம்புவேன்னு பாத்துக்கினு இருந்து, ஆளு வச்சு, மிஷின் வாளு வாடகைக்கு எடுத்தாந்து, வெட்டி, தூக்கிப் போட்டு, பெருக்கிட்டு, தெரியாம வெட்டிட்டேன்றியே, ஒனக்கே இது நல்லாருக்கா?"

"அதான் தெரியாம பண்ணிட்டேன்னு சொல்றேன் இல்ல. வுடும்மே."

"இனிமே இந்த மாதிரி..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாய் திறந்தபடி. என் வாய் பேச்சில்லாமல் திறந்திருந்தது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை என்று என் புருஷன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தார்.

தெரியாம பண்ணிட்டேன். இந்த வார்த்தையில் தெரியாததுக்கு என்ன வேலை? எல்லாம் தெரிந்துதான் செய்கிறோம். செய்த பிறகு, தப்புதான், மன்னிச்சுடு என்று நேராகச் சொல்ல வாய் வராமல் அப்படிச் சொல்கிறோம். பஸ்ஸில் காலை மிதித்தவரும் அதைத்தான் சொல்கிறார், அடுத்தவள் தட்டிலிருந்து வடையை எடுத்துத் தின்றவளும் அதைத்தான் சொல்கிறாள். கேட்கிற யாரும், அப்படியா, உனக்குத் தெரியவில்லையா, டாக்டரைப் பார் என்று சொல்வதில்லை. சரி வுடு என்கிறோம், இல்லையென்றால் நான் கத்தினது போலக் கத்துகிறோம். மன்னிப்புக் கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். டாக்டரும் தம்பியும் வீட்டில் இதைத் தினம் சொல்கிறவர்கள்தான், கேட்கிறவர்கள்தான். ஆனால் பேனாவை எடுத்து இங்கிலீஷில் எழுத ஆரம்பித்ததும் அது வேறு ஆகிவிட்டது. அறியாமல் செய்தான் என்று ஆகிவிட்டது. சட்டமும் அறியாமல் என்று அதே வார்த்தையைத்தான் தேடிக்கொண்டிருந்தது, பொருத்தமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பொம்பளைக் குரல் என்ற விசித்திரமான பதிலைத் தம்பி நின்று கேட்டான். இது விசித்திரமாக இல்லை, அதனால் யாரும் நின்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் தலைமை டாக்டரம்மா அறைக்குப் போனேன். மரம் வெட்டினதிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கேட்டார்:

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சொல்லியிருக்காங்க?"

"ரெண்டு பேரும் ஒரே தப்பப் பண்ணா ஒண்ணாத்தான் மேடம் வரும். மார்க்கெட்ல ஒரே மீன்காரம்மாவோட ரெண்டு தராசுலயும் நிறுத்துப் பார்த்துட்டு, எடை சரியா இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"சரிம்மா. ஆனா ஒத்துப்போனதத் தொடக்கூடாதுன்னு நாமதான முடிவு பண்ணோம்? இப்ப இந்த ஆளோட பொண்டாட்டி உனக்குத் தெரிஞ்சவங்கறதால இத மட்டும் தொறந்தா, நாம அளக்கறதுக்கு என்ன அர்த்தம்? அப்புறம் உனக்கு யார் மேல இரக்கமோ அவங்க கேசெல்லாம் தொறப்ப."

சுருக்கென்று இருந்தது. பஸ்ஸில் பேசினதை நான் சொல்லவில்லை, அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் பேஜாரே. எதிரில் இருப்பவர் சொல்வது நியாயமாக வேறு இருந்துவிட்டால் என்னைப் போன்ற ஆளுக்குக் கத்தவும் வழியில்லை.

"அப்ப எல்லாத்தயும் தொறக்கறேன்" என்றேன். "இரக்கம் இருக்கோ இல்லியோ, ஒத்துப்போன அத்தனையும் கேக்கறேன். என் சொந்த நேரத்துல கேக்கறேன். இந்த வார்த்தை எங்கெங்க வருதோ அத்தனையும் எடுத்துக் குடுக்கறேன். அதுவரைக்கும் இந்த ரிப்போர்ட்ட மட்டும் அனுப்பாதீங்க மேடம். ஒங்க கால்ல வேணா விழறேன்."

"காலெல்லாம் வேணாம், மொதல்ல ஒக்காரு" என்றார்.

கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவன் ஒருவன் இல்லை. தெரியாம செஞ்சிட்டேன் சார், தெரியாம நடந்துபோச்சு மேடம் என்று ஆள் மாற்றி ஆள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சிலருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை, முன்னும் பின்னும் அவர்கள் பேசுவதைக் கேட்டாலே தெரிந்தது. சிலர் வெறும் மன்னிப்புதான் கேட்டிருந்தார்கள். எது எது என்று பிரித்துக் கேட்ட ஒரு கேள்விகூட எந்தப் பதிவிலும் இல்லை. தம்பியைக் கூப்பிட்டு ஒரு காதில் ஒயரைக் கொடுத்துக் கேட்கவைத்தேன். கேட்டுவிட்டு ஒயரைக் கழற்றினான். "நானே தினமும் எங்கம்மாகிட்டப் போன்ல சொல்ற வார்த்தைதானுங்க்கா இது" என்றான். வார்டு டாக்டரும் வந்து கேட்டார். தன் மார்க்கைத் தானே அடித்துவிட்டு மறுபடி பார்க்கவேண்டும் என்று கோழிக் கிளறலில் எழுதிக்கொடுத்தார்.

அந்த வார்த்தை வந்த எல்லோரையும் மறுபடி பார்ப்பது என்று முடிவானது. முன்பு பார்த்த இருவரும் கேட்கக்கூடாது, ஏற்கெனவே ஒரு பதிலை மனசில் வைத்திருப்பவர்கள். அதனால் நான். தேர்வாய் கண்டிகை ஆளுக்கு மட்டும் வேறு யாரையாவது போடுங்கள், எனக்கு அவன் மனைவியைத் தெரியும் என்று நானே சொன்னேன். "வேற யாரு இருக்கா? நான் கூட ஒக்காந்துக்கறேன்" என்றார் டாக்டரம்மா. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எந்தப் பதில் அவனுக்கு நல்லது, எந்தப் பதிலுக்கு என்ன ஆகும் என்று, அவன் பதில் பதிவாகும்வரை ஒரு வார்த்தை, ஒரு ஜாடைகூடக் காட்டக்கூடாது. காட்டினால் பதில் அவனுடையதாக இருக்காது, என்னுடையதாக இருக்கும்.

வாயை அடக்க முடியாத எனக்கு இப்படி ஒரு சோதனை. அவனோ வக்கீல் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, ஆமாம், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அதைத்தான் எழுதியாகவேண்டும். அவன் பெண்ணுக்கு நைனா துபாயிலேயே இருந்துவிடுவார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதைக்கவேண்டாம். எங்கள் ரிப்போர்ட் மாற்றி எழுதப்பட்டது. தூக்கமின்மை, மன உளைச்சல் எல்லாம் இருந்தது உண்மை, ஆனாலும் செய்தது இன்னதென்று அறிந்தே செய்தான் என்று போனது. கோர்ட்டு தண்டனை கொடுத்தது, முடிகிற தேதியோடு. உள்ளே இருந்த நாட்களும் அதில் கழிந்தன. அவன் மனைவி அந்தத் தேதியைக் காலண்டரில் பெண்ணுக்குக் காட்டியதாக பஸ்ஸில் சொன்னாள். நான் சொல்லவந்தது அது இல்லை. அந்த அறையில் நடந்தது.

காலை நேரம்தான். மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னாலேயே, "தெரியாம பண்ணிட்டேன் மேடம்" என்றான்.

"அத்தத்தான் கேக்க வந்தேன்" என்றேன். "தெரியாமன்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அன்னிக்கு ராடு எங்க இருந்துச்சு, எப்படி எடுத்தீங்க, மொதல்லேந்து சொல்லுங்க."

சொன்னான். ராடு ஸ்கிராப் குவியலில் இருந்தது. நீளமானது ஒன்று, கட்டையானது ஒன்று. வீச வசதியாக இருக்கும் என்று கட்டையானதை எடுத்தான். வரிசை கலையட்டும் என்று நின்றான், யார் மேலேயும் பட்டுவிடக்கூடாது என்று. மெஷினை அடித்தான். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"அவரு வர்றது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நவுருடான்னு சொன்னாரு" என்றான் அவனாகவே. "டெய்லி என்னைய வெளிய நிக்க வைக்கிற ஆளு அவருதான். அவரு இன்னா பண்ணுவாரு, மிஷின் எடுக்கலன்னா வுடாதன்னு அவருக்கு ஆர்டரு. அது எனக்குத் தெரியும் மேடம். கை ஓங்கினப்ப அவரு மூஞ்சியப் பாத்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. பாத்துக்கினேதான் அடிச்சேன்."

"அப்ப தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னது?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். தமிழ் தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"தப்புன்னு சொன்னேன் மேடம். வேற இன்னா?"

ஒலிப்பதிவில் எல்லாம் ஏறிவிட்டது. டாக்டரம்மா தலையசைத்தார். அதற்குப் பிறகுதான், இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம், ஆஸ்பத்திரியா ஜெயிலா, எதற்குத் தேதி உண்டு, எதற்கு இல்லை என்று அவனுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டான். "தேதி இருக்குமா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான். இருக்கும் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டான். போதும், முடிந்தது, போகலாம் என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை.

"அந்த வாட்ச்மேன் அண்ணனுக்குக் கையி சரியாச்சா மேடம்?"

"எனக்குத் தெரியலப்பா."

"ஸ்டேசன்ல சொன்னேன், தெரியாம பண்ணிட்டேன்னு. இன்ஸ்பெக்டரு எழுதிக்கினாரு. கோர்ட்ல சொன்னேன், ஜட்ஜய்யா எழுதிக்கினாரு. வக்கீல்கிட்ட சொன்னேன், நல்ல பாயிண்ட்டுன்னு எழுதிக்கினாரு. இங்க டாக்டர் சாரு எழுதிக்கினாரு, அந்தச் சின்ன சாரும் எழுதிக்கினாரு. அந்த அண்ணன்கிட்ட யாராவது போய்ச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். யாருமே சொல்லல இல்ல?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நானும் அப்போது எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.